வந்த வழியும் போகும் வழியும்

“இது யார் வழியில் வந்தது?”

நம் வீடுகளில் ஒருவருக்குத் தீராத நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், மருந்தைப் பற்றிய பேச்சுக்கு முன்பே பிறந்துவிடும் கேள்வி இது. தாய் வழியா, தந்தை வழியா? பாட்டனுக்கு இருந்ததா, பாட்டிக்கு இருந்ததா? இந்த விசாரணை முடியும்போது நோயாளி ஒருவர் மட்டும் அல்லர், ஒரு குலமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டிருக்கும்.

விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் மரபு பற்றிய பாடத்தை நானும் விரும்பிப் படித்தவன். மரபு என்று ஒன்று இல்லை என்று வாதிட நான் இங்கு வரவில்லை. ஆனால் மரபைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் தவறான கேள்வி என்பதே என் கருத்து. அதற்கு எடுத்துக்காட்டாக ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நரம்பு நோயை எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாக எம்.எஸ். என்பர். இந்நோயில் ஜீன்களின் பங்கைப் பற்றி அரை நூற்றாண்டுக் காலமாக நடந்துவரும் ஆராய்ச்சி, அறிவியல் மாணவர்களுக்கு மட்டுமன்றி, நாளை குடும்பம் நடத்தப் போகும் நம் அனைவருக்குமே பாடமாக அமையும்.

நோயின் இயல்பு

மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதைப் போல, நம் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேல் ‘மயலின்’ என்னும் கொழுப்பு உறை படர்ந்திருக்கிறது. செய்தி விரைவாகவும் சிதறாமலும் செல்வதற்கு இந்த உறை தேவை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவல் அணுக்களே இந்த உறையைப் பகையெனக் கருதித் தாக்குவதுதான் எம்.எஸ். நோய். தாக்கிய இடங்களில் தழும்பு விழுகிறது. 1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் பணிபுரிந்த ழான் மார்ட்டின் ஷார்கோ என்னும் மருத்துவர், இறந்த நோயாளிகளின் மூளையில் இத்தகைய தழும்புகளைக் கண்டு, இதனைத் தனி நோயாக முறைப்படி விளக்கினார். நோயின் பெயருக்கே ‘பல இடத்துத் தழும்பு’ என்பதுதான் பொருள்.

இது தொற்றுநோய் அன்று. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், அதாவது படித்து முடித்து வேலைக்கும் திருமணத்துக்கும் ஆயத்தமாகும் பருவத்தில், தலைகாட்டுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்கும் மேலாக வருகிறது. உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2020ஆம் ஆண்டின் கணக்கு கூறுகிறது. ஒரு கண்ணில் பார்வை மங்குவது, கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், காரணம் தெரியாத களைப்பு என்று தொடங்கும். நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு முதலில் விட்டு விட்டு வரும். தாக்குதல் வரும், சில வாரங்களில் தணியும், பின்பு மாதங்களோ ஆண்டுகளோ அமைதியாகக் கழியும். மற்றவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே படிப்படியாக ஏறிக்கொண்டு போகும்.

இந்நோயின் மிகப் பெரிய புதிர், அது ஒருவரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றொருவரிடத்தில் வேறு விதமாகவும் நடந்துகொள்வதுதான். இருவரைச் சான்றாகக் காட்டலாம்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரர் அகஸ்டஸ் டெஸ்டே என்பவருக்கு 1822ஆம் ஆண்டு டிசம்பரில், தம் 28ஆம் வயதில், திடீரெனப் பார்வை மங்கியது. மருத்துவம் எதுவும் இன்றியே அது மீண்டது. அதன்பின் தமக்கு நேர்ந்தவற்றை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இன்றைய மருத்துவர்கள் அந்தக் குறிப்புகளைப் படித்து, எம்.எஸ். நோயாளி ஒருவர் எழுதிய மிகப் பழைய விரிவான வரலாறு அதுவே என்று கருதுகிறார்கள். நோய்க்கு இன்னும் பெயரே இல்லாத காலத்தில், மருந்தே இல்லாத காலத்தில், அவர் அதனுடன் 26 ஆண்டுகள் வாழ்ந்து 1848இல் மறைந்தார்.

மற்றொருவர் செல்லோ இசைக் கலைஞர் ஜாக்குலின் டூ பிரே. 1945இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். இருபது வயதிலேயே உலகப் புகழ் பெற்றவர். விரல்களில் உணர்வு குறையத் தொடங்கி, 1973இல் நோய் இன்னதென்று உறுதியானபோது அவருக்கும் வயது 28. மேடை வாழ்வு அத்துடன் முடிந்தது. 1987இல், 42ஆம் வயதில் அவர் காலமானார்.

அரச குடும்பத்து மனிதர் ஒருவர் மருந்தில்லாமல் 26 ஆண்டுகள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்பு பிறந்த இளம் கலைஞர் நோய் உறுதியானபின் 14 ஆண்டுகள். இன்றும் இருபது முப்பது ஆண்டுகள் கழிந்தும் ஊன்றுகோல் இன்றி நடப்பவர்களும் உளர். சில ஆண்டுகளிலேயே சக்கர நாற்காலிக்கு வந்துவிடுபவர்களும் உளர். ஆகவே இங்கே கேள்வி ஒன்றன்று, இரண்டு. நோய் ஏன் வந்தது என்பது ஒன்று. வந்த நோய் ஏன் இப்படிப் போகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் குடும்பங்களில் இத்தனை வேதனை விளைகிறது.

வந்த வழி

மெண்டல் பயிரிட்ட பட்டாணிச் செடியை நாம் அனைவரும் அறிவோம். நெட்டை, குட்டை என்று ஒரே ஒரு ஜீன் தீர்மானிக்கும் பண்பு அது. தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்ற நோய்கள் அந்தக் கணக்கில் அடங்கும். அவற்றில் யார் வழியில் வந்தது என்று கேட்டால், இரு பெற்றோரிடமிருந்தும் என்று திட்டமாக விடை சொல்லலாம். திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் அறிவுடைமை. ஆனால் எல்லா நோயையும் பட்டாணிச் செடியாக எண்ணுவது தவறு.

1986ஆம் ஆண்டில் கனடாவில் இரட்டைப் பிறவிகளைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு ஜீன்கள் ஒன்றே என்பது நாம் அறிந்தது. அத்தகைய 27 இணைகளில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தபோது, மற்றவருக்கும் இருந்தது 7 இணைகளில் மட்டுமே. இரு கருவில் தோன்றிய இரட்டையரில் 43 இணைகளுக்கு ஓர் இணை.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 27க்கு 7 என்பது 43க்கு 1 என்பதைவிட மிக அதிகம். ஆகவே மரபுக்குப் பங்கு உண்டு. ஆனால் மரபே அனைத்தும் என்றால் 27க்கு 27 வந்திருக்க வேண்டுமே! எழுத்துக்கு எழுத்து ஒரே ஜீன்களைப் பெற்றவர்களில் கூட நால்வரில் மூவருக்கு நோய் வரவில்லை. 2010ஆம் ஆண்டில், ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராத இரட்டையர் ஒரு இணையின் ஜீன் தொகுதியை அமெரிக்க ஆய்வாளர்கள் முழுவதுமாகப் படித்துப் பார்த்தார்கள். ஏன் ஒருவருக்கு மட்டும் வந்தது என்பதை விளக்கக்கூடிய வேற்றுமை எதுவும் அதில் கிடைக்கவில்லை.

அப்படியானால் அந்த மரபுப் பங்குதான் யாது? 1970களின் தொடக்கத்தில் டென்மார்க் ஆய்வாளர்கள், உடலின் தற்காப்புக்குப் பொறுப்பான எச்.எல்.ஏ. என்னும் ஜீன் தொகுதிக்கும் எம்.எஸ். நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கண்டனர். அத்தொகுதியில் உள்ள டி.ஆர்.பி.1 ஜீனின் 15:01 என்னும் வகை ஒருவரிடம் இருந்தால், நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காகிறது. இன்றுவரை கண்டறியப்பட்டவற்றுள் மிக வலிமையானது இதுவே. ஆனால் வட ஐரோப்பியரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இதனைச் சுமந்துகொண்டிருக்கிறார்! நோய் வருவதோ சில நூறு பேரில் ஒருவருக்கு. ஆக, இதனைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

அதன்பின் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டு தேடலானார்கள். நம் ஜீன் தொகுதி 300 கோடி எழுத்துகள் கொண்ட நூல் என்று வைத்துக்கொண்டால், மனிதருக்கு மனிதர் ஆங்காங்கே ஓர் எழுத்து மாறியிருக்கும். இதைத்தான் மரபு மாறுபாடு என்கிறோம். 2019ஆம் ஆண்டில் 47,429 நோயாளிகளையும் நோயற்ற 68,374 பேரையும் ஒப்பிட்டு அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, நோய் வருவதோடு தொடர்புடைய மாறுபாடுகள் 233. இவற்றுள் பெரும்பாலானவை வாய்ப்பை மிகச் சிறிய அளவே கூட்டுபவை. அனைத்தும் சாதாரண மக்களிடம் பரவலாகக் காணப்படுபவை. இக்கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் இவற்றுள் பல இருக்கும். எழுதும் என்னிடமும் இருக்கும்.

இவை ‘கெட்ட ஜீன்கள்’ என்றும் சொல்லிவிட முடியாது. பழங்கால எலும்புகளிலிருந்து எடுத்த ஜீன்களைப் படித்து 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவுக்குக் கிழக்கேயுள்ள புல்வெளிகளில் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த யம்நாயா மக்களிடையே இந்த மாறுபாடுகள் பெருகின என்றும், அவர்களுடன் வடமேற்கு ஐரோப்பாவுக்குப் போயின என்றும் கூறுகிறது. கால்நடைகளுடன் நெருங்கி வாழ்ந்தவர்களைத் தொற்றுநோய்களிலிருந்து காத்ததனால் அவை நிலைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அன்று உயிர் காத்த கவசம் இன்று சிலருக்கு உறுத்துகிறது.

இத்துடன் புறக் காரணங்களும் சேர வேண்டும். அமெரிக்க இராணுவத்தில் பணிபுரிந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் இருபதாண்டுக் காலப் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஆய்வு, எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்கிறது என்று காட்டியது. அந்த வைரஸோ உலகில் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றியிருப்பது! ஆகவே அதுவும் தனியே நோயைத் தருவதில்லை. ஜீன்கள், வைரஸ், புகை, வெயில் குறைந்த வாழ்க்கை, இளமையில் உடல் பருமன் என்று பலவும் ஒருவரிடத்தில் கூடும்போதே நோய் பிறக்கிறது.

இப்போது சொல்லுங்கள்: யார் வழியில் வந்தது? இரு வழியிலும் வந்தது. எவர் வழியிலும் வரவில்லை. இரண்டு விடையும் சரியே. விடை இப்படி அமையுமானால் கேள்வியில்தான் பிழை இருக்க வேண்டும்.

ஒரு வீட்டு விசாரணை

இவற்றை நான் நூல் அறிவாக மட்டும் எழுதவில்லை. என் பெரியம்மா மகளுக்கு, நான் அக்கா என்றழைப்பவருக்கு, திருமணமான இரண்டாம் ஆண்டில் இந்நோய் என்று தெரிந்தது. ஒரு கண்ணில் பார்வை மங்கி, எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னவற்றுள் ‘மரபு’ என்ற ஒரு சொல் மட்டும்தான் எல்லார் காதிலும் விழுந்தது.

“உங்க பக்கத்துல யாருக்காவது கைகால் விளங்காம இருந்துச்சா, சம்பந்தி? மறைக்காம சொல்லுங்க” என்றார் அக்காவின் மாமியார். பெரியப்பா வீட்டார் உடனே, “எங்க வம்சத்துல அப்படி ஒருத்தரும் இல்லை” என்று கை கழுவிக்கொண்டார்கள். மிஞ்சியது பெரியம்மாவின் வழி. என் தாத்தா முதுமையில் ஒரு காலை இழுத்து நடந்தவர். மாட்டு வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததனால் அப்படி நடந்தார் என்பது ஊரறிந்த செய்தி. ஆனாலும் அந்தக் கால்தான் சாட்சியாக நிறுத்தப்பட்டது. அக்காவின் தங்கைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம், “குடும்ப நோய் என்கிறார்களே” என்ற ஒரு வாக்கியத்தோடு முறிந்தது. பெரியம்மாவின் உடன்பிறந்த தங்கையான என் தாய், இதைக் கல்லூரியில் யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். இப்போது எழுதுவது அவர் இசைவோடும் அக்காவின் இசைவோடும்தான்.

இந்த விசாரணையில் நான்கு மாதங்கள் கழிந்தன. உடனே தொடங்க வேண்டிய மருந்து, “யாருடைய பொறுப்பு?” என்ற வழக்கில் தள்ளிக்கொண்டே போயிற்று. நான்காம் மாதம் இரண்டாம் தாக்குதல் வந்து இடக்கால் மரத்தது. அதன்பிறகே எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். அக்கா இன்று மருந்து எடுத்துக்கொண்டு தம் வேலைக்குப் போய் வருகிறார். ஆனால் அந்த இடக்கால் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வந்த வழியைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், போகும் வழியைக் கவனிக்கத் தவறினார்கள்.

போகும் வழி

நிற்க. நோயின் போக்கைப் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

நோயை வரவழைக்கும் மாறுபாடுகள் அதிகமாக இருப்பவருக்கு நோய் கடுமையாகவும் இருக்கும் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் 233 மாறுபாடுகளைக் கண்டுபிடித்த பின்னும், அவற்றைக் கொண்டு ஒரு நோயாளி எத்தனை ஆண்டுகளில் ஊன்றுகோலை நாடுவார் என்று கணிக்க முடியவில்லை.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இப்புதிரில் முதல் முடிச்சை அவிழ்த்தது. இம்முறை ஆய்வாளர்கள் நோயாளிகளை நோயற்றவர்களுடன் ஒப்பிடவில்லை. நோயாளிகளை நோயாளிகளுடனேயே ஒப்பிட்டார்கள். 12,584 பேரின் ஜீன்களை அவர்களுடைய உடல் இயக்கக் குறைபாட்டின் அளவோடு வைத்துப் பார்த்து, கிடைத்த முடிவை வேறு 9,805 பேரிடம் சரிபார்த்தார்கள். நோயின் கடுமையோடு தொடர்புடைய ஒரு மாறுபாடு அகப்பட்டது. டி.ஒய்.எஸ்.எஃப்., இசட்.என்.எஃப்.638 என்னும் இரண்டு ஜீன்களுக்கு இடையில் அது அமைந்திருக்கிறது. முன்னது சேதமடைந்த உயிரணுக்களைப் பழுதுபார்ப்பதில் பங்குடையது. பின்னது வைரஸ்களை அடக்குவதில் பங்குடையது. இந்த மாறுபாட்டைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முன்னதாகவே ஊன்றுகோல் தேவைப்படும் நிலைக்கு வந்தார்கள்.

இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. நோயை வரவழைக்கும் மாறுபாடுகள் பெரும்பாலும் உடலின் காவல் அணுக்களில் வேலை செய்பவை. நோயின் கடுமையோடு தொடர்புடையவையோ மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்பவையாகக் காணப்பட்டன. மழை எவ்வளவு பெய்தது என்பது ஒன்று; ஏரிக்கரை எவ்வளவு தாங்கும் என்பது மற்றொன்று. ஒரே மழைக்கு ஓர் ஊரின் கரை உடைகிறது. அடுத்த ஊரின் கரை நிற்கிறது. தாக்குதல் காவல் அணுக்களின் செயல். தாங்குவது நரம்பின் வலிமை.

இதனால் விளையும் பயன் யாது? 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற இன்டர்ஃபெரான் முதல் 2017இல் அனுமதி பெற்ற ஆக்ரெலிசுமாப் வரை, இந்நோயின் போக்கை மாற்றுவதற்காக வந்துள்ள மருந்துகள் பெரும்பாலும் காவல் அணுக்களை அடக்குபவை. அதாவது மழையைக் குறைப்பவை. விட்டு விட்டு வரும் தாக்குதல்களை அவை நன்றாகவே குறைக்கின்றன. ஆனால் கரையைப் பலப்படுத்தும் மருந்து இன்னும் தேவைப்படுகிறது. அதை எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியிருக்கிறது.

அந்த ஆய்வில் மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. புகைபிடித்தல் நோயின் போக்கைக் கடுமையாக்குகிறது என்பதற்கும், கல்வி பயின்ற ஆண்டுகள் கூடுவது போக்கை மென்மையாக்குகிறது என்பதற்கும் மரபு வழியிலேயே சான்று கிடைத்தது. படிப்பு மூளைக்கு ஒரு சேமிப்பாக அமைகிறது போலும். ஜீனைப் பற்றிய ஆராய்ச்சியே, ஜீன் அல்லாத, நம் கையில் உள்ளவற்றின் வலிமையை எடுத்துக்காட்டியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் இதை வைத்துக்கொண்டு சோதிடம் பார்க்கப் புறப்பட்டுவிடக் கூடாது. நான்கு ஆண்டுகள் என்பது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் வேற்றுமை. அது எந்தத் தனி மனிதரின் நாளையும் குறித்துக் கொடுக்காது. பல நாட்டு மக்களிடத்தும் இன்னும் சரிபார்க்க வேண்டிய முடிவும் ஆகும் இது.

மறுப்பும் விடையும்

“மருத்துவரே குடும்ப வரலாற்றைக் கேட்கிறாரே, நாம் கேட்டால் மட்டும் தவறா?” என்று சிலர் வினவலாம். மருத்துவர் கேட்பது நோயை அறிவதற்கு. நாம் கேட்பது பழியை ஏற்றுவதற்கு. சொல் ஒன்றாயினும் நோக்கம் வேறு.

“அப்படியானால் திருமணத்துக்கு முன்பே ஜீன் பரிசோதனை செய்துகொண்டால் என்ன?” என்று வேறு சிலர் கேட்கலாம். தலசீமியாவுக்கு அது பொருந்தும் என்று முன்பே சொன்னேன். எம்.எஸ். நோய்க்கு அது பயன்படாது. மிக வலிமையான மாறுபாட்டைச் சுமப்பவர்களிலேயே பெரும்பாலோருக்கு நோய் வராதபோது, அந்தப் பரிசோதனை நோயைத் தடுக்காது. நலமுள்ளவர்களை நோயாளி என்று முத்திரை குத்தவே உதவும். நோயாளியின் உடன்பிறந்தாருக்கு நோய் வரும் வாய்ப்பு, இந்நோய் மிகுந்த மேலை நாடுகளிலேயே நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவில்தான் இருக்கிறது. அந்தச் சிறு எண்ணுக்காக ஒரு பெண்ணின் திருமணத்தை முறிப்பது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.

மூன்றாவதாக, “இது வெள்ளையர் நோய்தானே, நமக்கென்ன?” என்பாரும் உளர். மேலை நாடுகளைவிட இந்தியாவில் இது குறைவு என்பது உண்மையே. 2014இல் வெளியான மங்களூர் ஆய்வு ஒன்று, இலட்சம் பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அதே அளவு நாடெங்கும் இருந்தால், 140 கோடி மக்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆவர். அது சிறிய தொகை அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் எம்.எஸ். நோயும் ஒன்று. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நம் கண்ணுக்குத்தான் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே நான் எடுத்துக்காட்டிய பெரிய மரபு ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழி வந்தவர்களின் ஜீன்களைக் கொண்டே நடந்தவை. 2023இல் கிடைத்த அந்த ஒரு மாறுபாடு நம் மக்களிடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நம்மவர்தாம் ஆராய வேண்டும். அதற்கு நோயாளிகள் முன்வர வேண்டும். நோயை மறைத்துவைக்கும் சமுதாயத்தில் அவர்கள் எப்படி முன்வருவார்கள்? ஆகவே பழி சுமத்தும் வழக்கம் நோயாளியின் மனத்தை மட்டும் புண்படுத்தவில்லை; நாளைக்கு நமக்குக் கிடைக்க வேண்டிய மருந்தையும் தள்ளிப்போடுகிறது.

நாம் செய்ய வேண்டியது

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே உண்டு. நோய் இன்னதென அறிவதையும், அதன் காரணத்தை அறிவதையும், அதைத் தணிக்கும் வழியை அறிவதையும் வள்ளுவர் தனித்தனியே வைத்துச் சொல்கிறார். காரணத்தோடு நின்றுவிடச் சொல்லவில்லை. நாமோ காரணத்தில் தொடங்கிப் பழியில் முடித்துவிடுகிறோம்.

என் வேண்டுகோள் எளியது. நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ விடுதியிலோ ஒருவருக்குக் கண் திடீரென மங்கினால், கால் காரணமின்றி மரத்தால், ‘சூடு’ என்றும் ‘பலவீனம்’ என்றும் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்பவர்களுக்குப் பின்னாளில் குறைபாடு குறைகிறது என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. சிகரெட்டைத் தொட்டவர்கள் விட்டுவிடுங்கள், தொடாதவர்கள் தொடாதிருங்கள். நோய் என்று தெரிந்த தோழியையோ தோழனையோ படிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். படிப்பும் ஒருவகையில் மருந்தாகலாம் என்பதை மேலே கண்டோம். பெண் பார்க்கும் கூடத்தில் “குடும்ப நோய்” என்ற சொல் எழும்போது, அங்கே இருக்கும் படித்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அப்போது வாய் திறந்து, 27 இரட்டையரில் 20 இணைகளின் கணக்கைச் சொல்லுங்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். பட்டாணிச் செடியோடு மரபுப் பாடத்தை முடித்துவிடாமல், நூற்றுக்கணக்கான மாறுபாடுகளும் சூழ்நிலையும் கலந்து பிறக்கும் நோய்களையும் வகுப்பில் ஒரு மணி நேரமாவது பேசுங்கள். தேர்வில் அந்தக் கேள்வி வராமற்போனாலும், எங்கள் வீடுகளில் அது வரும்.

நோய் வந்த வழியை ஆராய்வது ஆய்வுக்கூடத்தின் வேலை. அதை அவர்கள் செவ்வனே செய்துவருகிறார்கள். அது போகும் வழியை எளிதாக்குவதில் குடும்பத்துக்கும், நண்பருக்கும், நமக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை நாம் செய்வோம்.